ஓரெழுத்துச் சான்று

நுழையும்முன்

திரைப்படம் தொடங்கும்முன் சில நொடிகள் தோன்றி மறையும் சான்றிதழை ஊன்றிப் படிப்போர் சிலரே. ஆயினும், அச்சான்றிதழில் உள்ள ஓர் எழுத்தே ஒரு படத்தை யார் காணலாம், அது எத்தனை பேரைச் சென்றடையும், அதற்காக எவ்வளவு செலவிடலாம் என்பனவற்றை முடிவு செய்கிறது. குழந்தைகளைக் காக்கும் நோக்கில் தோன்றிய வயது வரம்பு, பெருஞ்செலவுத் திரைப்படங்களின் வடிவத்தையே மாற்றியமைக்கும் ஆற்றலாக வளர்ந்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

தமிழில் ஓரெழுத்தே ஒரு சொல்லாக நின்று பொருள் தருவதுண்டு. ஆ, தீ, பூ, வா போன்றவற்றை இலக்கண நூலார் ஓரெழுத்து ஒருமொழி என்பர். திரைப்பட உலகிலும் அத்தகைய ஓரெழுத்துகள் உள்ளன. இந்தியாவில் ‘யு’ என்றால் அனைவரும் காணலாம் என்பது பொருள். ‘ஏ’ என்றால் 18 வயது நிறைந்தோர் மட்டுமே காணலாம் என்பது பொருள். அமெரிக்காவில் ‘ஆர்’ என்றால் 17 வயது நிறையாதோர் பெற்றோருடனோ வயது வந்த காப்பாளருடனோ மட்டுமே திரையரங்கிற்குள் வரலாம் என்பது பொருள்.

சான்றிதழ் என்பது படத்தை எடுத்து முடித்தபின் பெறப்படுவது. ஆனால், பல கோடி செலவில் உருவாகும் படங்களில், எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது கதையை எழுதத் தொடங்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அம்முடிவிற்கேற்பக் காட்சிகளும் உரையாடல்களும் அமைக்கப்படுகின்றன. இறுதியில் வரவேண்டியது தொடக்கத்திலேயே வந்து அமர்ந்துகொள்கிறது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, இம்முறை வேரூன்றிய அமெரிக்கத் திரைத்துறையின் வரலாற்றைக் காணுதல் வேண்டும்.

தடையிலிருந்து வகைப்பாட்டிற்கு

அமெரிக்கத் திரைத்துறை 1930ஆம் ஆண்டு தனக்கெனத் திரைப்பட நெறிமுறை ஒன்றை வகுத்துக்கொண்டது. அத்துறையின் சங்கத் தலைவராக இருந்த வில் ஹேஸ் என்பவரின் பெயரால் அது ‘ஹேஸ் நெறிமுறை’ என வழங்கப்பட்டது. 1934ஆம் ஆண்டு முதல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்ட அந்நெறிமுறையில் வயது என்னும் பேச்சுக்கே இடமில்லை. ஒரு படம் அனைவரும் காணத்தக்கதாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லையெனில் அது வெளிவருதல் அரிது. ஐம்பது வயதினரும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே அளவுகோலுக்குள் அடக்கப்பட்டனர்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் சமூகமும் கலையும் மாறின. தொலைக்காட்சியின் வருகை, அயல்நாட்டுப் படங்களின் துணிவு, நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியன பழைய நெறிமுறையை வலுவிழக்கச் செய்தன. 1968 நவம்பர் முதல் நாளன்று, சங்கத்தின் அப்போதைய தலைவர் ஜாக் வேலண்டியின் முயற்சியால் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. இனிப் படங்களைத் தடுக்க வேண்டியதில்லை. அவை எவ்வயதினர்க்கு உரியவை என்று பெற்றோர்க்குத் தெரிவித்தால் போதும் என்பதே அதன் அடிப்படை. ‘ஜி’, ‘எம்’, ‘ஆர்’, ‘எக்ஸ்’ என நான்கு வகைகள் உருவாயின. அவற்றுள் ‘எம்’ என்பது பின்னர்ப் பெற்றோர் வழிகாட்டுதலைக் குறிக்கும் ‘பி.ஜி.’ எனப் பெயர் மாறிற்று. 1990ஆம் ஆண்டு ‘எக்ஸ்’ என்பதன் இடத்தில் ‘என்.சி.-17’ வந்தது.

இம்முறை அரசு இயற்றிய சட்டம் அன்று என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. திரைத்துறையே அமைத்த குழு படங்களைப் பார்த்து வகைப்படுத்துகிறது. அக்குழுவினர் பெற்றோர்களாக இருப்பவர்கள். தயாரிப்பாளர் விரும்பினால் சான்று பெறாமலும் படத்தை வெளியிடலாம். எனினும், சான்றில்லாப் படத்தைத் திரையிடப் பெரிய திரையரங்குகள் தயங்குவதால், விருப்பத்திற்குரியது என்று சொல்லப்பட்ட முறை, பெரிய படங்களைப் பொறுத்தவரை கட்டாயமாகவே ஆகிவிட்டது.

இடைவெளியை நிரப்பிய பதின்மூன்று

‘பி.ஜி.’ என்னும் வகைக்கும் ‘ஆர்’ என்னும் வகைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. 1984ஆம் ஆண்டுக் கோடையில் வெளியான இரண்டு படங்கள் அவ்விடைவெளியை வெளிச்சமிட்டன. ஒன்று, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’. மற்றொன்று, அவர் தயாரிப்பில் பங்குகொண்ட ‘கிரெம்லின்ஸ்’. இரண்டுமே ‘பி.ஜி.’ சான்று பெற்றவை. முதற்படத்தில் உயிருள்ள மனிதனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பறித்தெடுக்கும் காட்சி இடம்பெற்றது. குழந்தைகளுடன் சென்ற பெற்றோர் பலர் அதிர்ச்சியுற்றுத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர்.

இருவகைகளுக்கும் நடுவே புதிய வகையொன்று வேண்டும் என்று ஸ்பீல்பெர்க்கே வேலண்டியிடம் பரிந்துரைத்தார். அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்று ‘பி.ஜி.-13’ பிறந்தது. 13 வயதிற்குட்பட்டோர்க்குச் சில காட்சிகள் பொருந்தாமற் போகலாம் எனப் பெற்றோரை எச்சரிப்பது மட்டுமே அதன் பணி. எவரையும் அது வாயிலில் தடுப்பதில்லை. இச்சான்றுடன் முதலில் வெளியான படம், அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘ரெட் டான்’ ஆகும்.

பெற்றோரின் குறை தீர்க்கத் தோன்றிய இவ்வகை, பின்னாளில் திரைவணிகத்தின் நடுத்தூணாக மாறும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

அறிவுரை வணிகக் கணக்கானது

பெருஞ்செலவுப் படமொன்று போட்ட முதலை மீட்க வேண்டுமெனில், ஒரு சாரார் மட்டும் பார்த்தால் போதாது. சிறுவர், பதின்பருவத்தினர், பெற்றோர் என அனைவரும் வருதல் வேண்டும். ‘ஆர்’ சான்று பெற்ற படத்திற்குப் பதினைந்து வயது மாணவர் தம் நண்பர்களுடன் தனித்துச் செல்ல இயலாது. ‘பி.ஜி.-13’ படத்திற்கு அத்தடை இல்லை. ‘ஜி’ சான்று பெற்ற படமோ சிறு குழந்தைகளுக்கானது என்று பதின்பருவத்தினரால் ஒதுக்கப்படக்கூடும். ஆகவே, எவரையும் விலக்காத, எவரும் விலகாத இடமாகப் ‘பி.ஜி.-13’ விளங்கலாயிற்று. பொம்மைகள், ஆடைகள், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றின் விற்பனையும் இதனோடு பிணைந்துள்ளது. உலக வசூல் வரிசையில் முன்னிற்கும் ‘டைட்டானிக்’, ‘அவதார்’, ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ ஆகிய மூன்றும் இச்சான்று பெற்றவையே.

இக்கணக்கின் மறுபக்கத்தை ஒரு நிகழ்வு தெளிவாகக் காட்டும். அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் எழுதி 1936இல் வெளிவந்த ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ என்னும் அச்சச்சுவைப் புதினத்தைப் படமாக்க, இயக்குநர் கியர்மோ டெல் டோரோ பல்லாண்டுகள் முயன்றார். அண்டார்ட்டிகாவின் பனிவெளியில் நிகழும் கதை அது. ஏறத்தாழ 15 கோடி டாலர் செலவாகும் என மதிப்பிடப்பட்டது. அச்சத்தின் ஆழம் குறையாதிருக்க ‘ஆர்’ சான்றே தகும் என்பதில் இயக்குநர் உறுதியாக நின்றார். அவ்வளவு பெருந்தொகையை ‘ஆர்’ படமொன்றில் முடக்க யுனிவர்சல் நிறுவனம் முன்வரவில்லை. 2011ஆம் ஆண்டு அம்முயற்சி கைவிடப்பட்டது.

இங்கு எந்தக் காட்சியும் வெட்டப்படவில்லை. எந்தக் குழுவும் தடை விதிக்கவில்லை. படம் எடுக்கப்படவே இல்லை. வயது வரம்பு ஒரு படத்தின் மீது செலுத்தும் முழு ஆற்றலையும் வெட்டப்பட்ட காட்சிகளைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

படத்தொகுப்பு மேசையில் நிகழ்வது

‘ஆர்’ நிலையில் இருக்கும் ஒரு படத்தைப் ‘பி.ஜி.-13’ நிலைக்குக் கொண்டுவரச் சில வழிகள் உள்ளன. குருதியின் அளவைக் குறைத்தல் அவற்றுள் முதன்மையானது. கத்தி பாயும் நொடியில் காட்சியை வேறு முகத்திற்கு மாற்றுதல், அடியின் ஓசையைத் தணித்தல், காயத்தின் மீது படக்கருவி தங்கும் நேரத்தைக் குறைத்தல் ஆகியன பிற வழிகள். இன்று கணினியின் உதவியால் தெறிக்கும் குருதியை மட்டும் அழித்துவிடவும் முடிகிறது. கடுஞ்சொற்களுக்கும் கணக்குண்டு. குறிப்பிட்ட ஒரு வசைச்சொல் வெறும் சினவெளிப்பாடாக ஒருமுறை வந்தால் பொறுத்துக்கொள்ளப்படும்; அதற்கு மேற்பட்டால் பொதுவாக ‘ஆர்’ நிலைக்குத் தள்ளப்படும்.

இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று இதற்குப் பொருத்தமான சான்றாகும். சூசன் காலின்ஸ் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ என்னும் புதினம் 2012இல் படமாக வெளிவந்தது. கொடுங்கோல் அரசு ஒன்று, சிறுவர்களை ஒருவரையொருவர் கொல்லும்படி ஏவி, அதனைத் தொலைக்காட்சியில் விளையாட்டாக ஒளிபரப்புவதே கதை. பிறர் துன்பத்தை வேடிக்கையாகக் காணும் சமூகத்தைக் கண்டிப்பது அதன் நோக்கம். பெரியவர் துணையுடன் 12 வயதிற்குட்பட்டோரும் காணத்தக்க சான்றினை இங்கிலாந்தில் பெறும்பொருட்டு, அப்படத்தில் ஏழு நொடி அளவிலான காட்சிகள் நீக்கப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. காயங்களின் மீதும் படைக்கருவிகளின் மீதும் இருந்த குருதி கணினியால் அழிக்கப்பட்டது.

ஏழு நொடிகள் என்பது மிகச் சிறிய மாற்றமே. சிறுவர்களின் மனம் புண்படாதிருக்க இது தேவை என்பது ஒரு தரப்பு. கொலையின் கொடுமையை உணர்த்த வந்த கதையில் குருதியைத் துடைத்துவிட்டால், கொலை தூய்மையான விளையாட்டாகத் தோன்றிவிடாதா என்பது மற்றொரு தரப்பு. இரண்டையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

இரசிகர்களின் ஏமாற்றம்

ஒரு தொடர்படத்தின் இரசிகர் என்பவர் கதையை மட்டும் விரும்புபவர் அல்லர். அப்படத்தின் குரலையும் நடையையும் மனத்தில் பதித்துக்கொண்டவர் அவர். ஆண்டுகள் பல காத்திருந்து அடுத்த பாகத்தைக் காண வருபவர், பழகிய குரல் மாறியிருப்பதை முதற்காட்சியிலேயே உணர்ந்துவிடுகிறார்.

‘டை ஹார்ட்’ படத்தொடரின் முதல் மூன்று பாகங்கள் 1988, 1990, 1995 ஆகிய ஆண்டுகளில் ‘ஆர்’ சான்றுடன் வந்தவை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப்பின் 2007இல் வந்த நான்காம் பாகம் ‘பி.ஜி.-13’ சான்று பெற்றது. முரட்டுக் காவலராகிய கதைத்தலைவன் முதல் பாகத்திலிருந்து கூறிவந்த புகழ்பெற்ற வசைத்தொடர், இப்பாகத்தில் துப்பாக்கி ஓசைக்குள் மறைக்கப்பட்டது. இரசிகர்கள் மனங்குன்றினர். நீக்கப்பட்டவற்றைச் சேர்த்த வடிவம் பின்னர்க் குறுவட்டில் தனியே விற்பனைக்கு வந்தது. திரையரங்கில் ஒரு படம், வீட்டில் வேறொரு படம் என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று. தொடரின் ஐந்தாம் பாகம் மீண்டும் ‘ஆர்’ சான்றுக்கே திரும்பியது.

சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்த ‘தி எக்ஸ்பெண்டபிள்ஸ்’ தொடரும் இத்தகையதே. 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த முதலிரு பாகங்கள் ‘ஆர்’ சான்று பெற்றவை. இளையோரையும் ஈர்க்கும் நோக்கில் 2014இல் மூன்றாம் பாகம் ‘பி.ஜி.-13’ வடிவில் எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய முதல் பாகத்தோடு ஒப்பிட, மூன்றாம் பாகம் 4 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. வெளியீட்டிற்கு முன்பே படம் இணையத்தில் கசிந்ததும் இதற்கு ஒரு காரணம். எனினும், வன்மையைக் குறைத்தது தவறு என்று ஸ்டாலோனே பின்னர் ஒப்புக்கொண்டார். புதியோரை அழைக்கத் திறந்த வாயில், பழையோர் வெளியேறும் வாயிலாகவும் அமைந்துவிட்டது.

மாற்றம் மறுதிசையிலிருந்தும் வந்தது. 2016இல் வெளியான ‘டெட்பூல்’, வரைகதைத் தலைவனை மையமாகக் கொண்டும் ‘ஆர்’ சான்றுடன் துணிந்து எடுக்கப்பட்டது. இப்படத்திற்கான சோதனைக் காட்சி 2014இல் இணையத்தில் கசிந்தபோது இரசிகர்கள் காட்டிய பேரார்வமே படம் உருவாகத் துணைநின்றது. ஆனால், நிறுவனம் அளித்த தொகை 5.8 கோடி டாலர் மட்டுமே. இவ்வகைப் படங்களுக்கு வழக்கமாகச் செலவிடப்படுவதில் அது சிறு பகுதியே. உரிமைக்கு ஈடாகச் செலவு சுருக்கப்பட்டது எனலாம். அப்படம் உலகெங்கும் 78 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. தொடர்ந்து 2017இல் ‘லோகன்’, 2019இல் ‘ஜோக்கர்’ ஆகியனவும் ‘ஆர்’ சான்றுடன் வெற்றி கண்டன. ‘ஜோக்கர்’, அச்சான்றுடன் 100 கோடி டாலரைக் கடந்த முதற்படமாயிற்று. ‘ஆர்’ என்றால் இழப்பு என்னும் பழைய கணக்கு மாறாவிதி அன்று என்பது இதனால் புலனாயிற்று.

எண்ணிக்கையும் பொருளும்

வயதுவரம்பு முறையின் மீது கூறப்படும் ஆழமான குறை வேறொன்று. கண்ணுக்குத் தெரிவதையும் காதிற்குக் கேட்பதையும் எண்ணிவிடலாம்; அவற்றின் பொருளை எண்ணிவிட முடியாது. நூற்றுக்கணக்கானோர் குருதி சிந்தாமல் மாயும் போர்க்காட்சி ‘பி.ஜி.-13’ பெறக்கூடும். ஒரே ஒரு மனிதனின் காயத்தையும் அவன் படும் வேதனையையும் நெருங்கிக் காட்டும் காட்சி ‘ஆர்’ பெறக்கூடும். இவ்விரண்டில் வன்முறையை வெறுக்கக் கற்பிப்பது எது என்னும் வினாவிற்கு எண்ணிக்கை விடை தராது. புறத்திணைப் பாடல்கள் வீரரின் வெற்றியை மட்டும் பாடி நின்றுவிடவில்லை. போரில் மகனை இழந்த தாயையும், கணவனை இழந்த மகளிரின் கைம்மை நோன்பையும் காட்டின. விளைவை மறைக்காத அப்பாடல்களை வகுப்பறையில் பயிலும் மாணவர்க்கு இவ்வினா புதிதன்று.

‘புல்லி’ என்னும் ஆவணப்படத்தின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்கள் சக மாணவர்களைத் துன்புறுத்தும் கொடுமையைப் பதிவுசெய்த படம் அது. பள்ளி மாணவர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே எடுக்கப்பட்டது. ஆனால், துன்புறுத்துவோர் உண்மையாகவே பேசிய வசைச்சொற்கள் பதிவாகியிருந்தமையால் அப்படத்திற்கு ‘ஆர்’ வழங்கப்பட்டது. அச்சொற்களை நாள்தோறும் கேட்டுத் துன்புறும் மாணவரே, அச்சொற்களின் பொருட்டு அப்படத்தைத் தனித்துக் காண இயலாமற்போனது. பள்ளி மாணவி ஒருவர் தொடங்கிய கோரிக்கை மனுவில் இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். 2012இல் முதலில் சான்றின்றியே படம் வெளியிடப்பட்டது. பின்னர்ச் சில சொற்கள் நீக்கப்பட்டு, பேருந்தில் ஒரு மாணவன் துன்புறுத்தப்படும் முதன்மைக் காட்சி சிதையாமல் ‘பி.ஜி.-13’ பெற்றது. விதியின் எழுத்து எவ்வளவு கண்டிப்பானதாயினும், காரணத்தோடு கேட்கும் குரலுக்கு அது வளையக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் திரைப்படச் சான்றிதழ் வகைகள்

யு – அனைவரும் காணலாம்.
யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ – குறிப்பிட்ட வயதிற்குட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டுதலுடன் காணலாம். இவ்வயதுக் குறிப்பு பெற்றோர், காப்பாளர் ஆகியோரின் கவனத்திற்குரியது. திரையரங்கு ஊழியர் இதனைக் காட்டித் தடுக்க இயலாது.
ஏ – 18 வயது நிறைந்தோர் மட்டுமே காணலாம். பெற்றோர் உடன் வந்தாலும் பிறர்க்கு அனுமதி இல்லை.
எஸ் – மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினர் மட்டும் காணலாம்.

இந்தியாவில் வயது வரம்பு

அமெரிக்காவில் திரைத்துறை தானே மேற்கொள்ளும் வகைப்பாடு, இந்தியாவில் சட்டத்தின் வழி நடைபெறுகிறது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்கீழ் இயங்கும் வாரியத்தின் சான்றின்றி எப்படத்தையும் பொதுமக்களுக்குத் திரையிட முடியாது. தொடக்கத்தில் ‘யு’, ‘ஏ’ என்னும் இரண்டே வகைகள் இருந்தன. ‘யு/ஏ’, ‘எஸ்’ ஆகியன 1983இல் சேர்க்கப்பட்டன. ‘யு/ஏ’ வகையை மூன்றாகப் பகுக்கும் சட்டத்திருத்தம் 2023இல் நிறைவேறியது.

இந்தியத் திரைத்தணிக்கை வரலாற்றின் முதன்மையான வழக்கு, ஓர் ‘ஏ’ சான்றை எதிர்த்து எழுந்ததே. எழுத்தாளரும் இயக்குநருமான கே. ஏ. அப்பாஸ், கல்கத்தா, பம்பாய், மதராஸ், தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வ வாழ்வையும் வறுமை வாழ்வையும் அருகருகே காட்டும் ஆவணக் குறும்படம் ஒன்றை எடுத்தார். அதற்கு ‘ஏ’ சான்று அளிக்க முற்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1970இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசமைப்புக்கு உட்பட்டதே என உறுதிசெய்தது. அதேவேளை, ஒரு கருப்பொருள் படத்தில் இடம்பெற்றிருப்பதைக் காட்டிலும், கலைஞர் அதனைக் கையாண்டுள்ள முறையே நோக்கத்தக்கது என்னும் கருத்தையும் நீதிமன்றம் வலியுறுத்தியது. எண்ணிக்கைக்கு மேலாகப் பொருளை நோக்கவேண்டும் என்னும் நெறி, இந்திய நீதித்துறையால் அரை நூற்றாண்டுக்கு முன்பே சுட்டப்பட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழ்நாட்டில் சான்றிதழின் எழுத்து வரிச்சலுகையோடும் இணைந்திருந்தது. தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு 2006இல் அளிக்கப்பட்டது. ‘யு’ சான்று பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதி 2011இல் அதனுடன் சேர்க்கப்பட்டது. ஆகவே ‘யு’, ‘யு/ஏ’ ஆகியவற்றிற்கு இடையிலான வேறுபாடு, வருவாயின் வேறுபாடாகவும் ஆயிற்று. ‘ஏ’ சான்று பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப வேண்டுமெனில், அதனைத் திருத்தி வேறு சான்று பெறவேண்டும் என்பதும் தயாரிப்பாளர் கருத்தில்கொள்ள வேண்டிய ஒன்றாகும்.

2025 ஆகஸ்டில் வெளியான ‘கூலி’ திரைப்படம், அதன் வன்முறைக் காட்சிகளின் காரணமாக ‘ஏ’ சான்று பெற்றது. ‘யு/ஏ’ சான்று கோரித் தயாரிப்புத் தரப்பு தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தமிழகத்தில் பெரிய நடிகரின் படம் என்பது குடும்பத்தோடு கூடிச் சென்று காணும் விழாவாகவே கருதப்படுகிறது. அவ்விழாவில் 18 வயது நிறையாத இரசிகர்க்கு இடமில்லாமற் போயிற்று.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. அமெரிக்க இரசிகர், படம் மென்மையாக்கப்பட்டதே என்று வருந்துகிறார். தமிழக இரசிகர், படம் மென்மையாக்கப்படாமையால் தம் வீட்டுப் பிள்ளைகள் காண முடியவில்லையே என்று வருந்துகிறார். இவ்வேறுபாட்டிற்குச் சட்டமும் ஒரு காரணம். அமெரிக்காவின் ‘ஆர்’ சான்று, பிள்ளையை அழைத்துச் செல்லும் முடிவைப் பெற்றோரிடம் விட்டுவிடுகிறது. இந்தியாவின் ‘ஏ’ சான்று அம்முடிவைத் தானே எடுக்கிறது. ‘யு/ஏ’ சான்றுக்கும் ‘ஏ’ சான்றுக்கும் இடையிலான கோடு ஓர் அறிவுரைக்கும் ஒரு சட்டத்தடைக்கும் இடையிலான கோடு ஆதலால், அக்கோட்டை எங்கு இடுவது என்னும் பூசல் இங்கு இவ்வளவு கடுமையாக எழுகிறது.

யாருக்காக இவ்வரம்பு?

இரசிகரின் ஏமாற்றம் உண்மையானது. எனினும் அது ஒன்றே கருதத்தக்கதன்று. கண்ட காட்சியைக் கனவிலும் கண்டு அஞ்சும் சிறு குழந்தையின் நலன், எந்த இரசிகரின் ஆர்வத்திற்கும் பின்தள்ளத்தக்கதன்று. தம் குழந்தை காணவிருப்பது எத்தகைய படம் என்று அறியும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. இவ்விரண்டையும் மறுக்காமலே வயதுவரம்பு முறையைத் திருத்த இயலும். எட்டு வயதினரும் பதினேழு வயதினரும் ஒரே வகையினர் அல்லர் என்பதை உணர்ந்தே ‘யு/ஏ’ வகை மூன்றாகப் பகுக்கப்பட்டது. வரம்புகள் நுட்பமாகுந்தோறும், ஒரு சான்றுக்காகப் படத்தின் உயிர்ப்பகுதியை வெட்ட வேண்டிய நெருக்கடி குறைய வாய்ப்புண்டு.

பதினொன்றாம் வகுப்பு மாணவர் இக்கோட்டின் விளிம்பில் நிற்பவர். ‘யு/ஏ 16+’ என்னும் குறிப்பை அண்மையில் கடந்தவர். ‘ஏ’ என்னும் வாயிலை இன்னும் எட்டாதவர். வாயில் திறக்கும் நாளில் எதைக் காண்பது, எதை விலக்குவது என்னும் முடிவு அவரிடமே வந்து சேரும். அந்நாளில், திரையில் எவ்வளவு குருதி சிந்தப்பட்டது என்று எண்ணுவதோடு நில்லாமல், அது எதன்பொருட்டுச் சிந்தப்பட்டது, சிந்தியவனுக்கும் அவனைச் சார்ந்தோர்க்கும் படம் மதிப்பளித்ததா என்று வினவத் தெரிந்திருத்தல் வேண்டும். சான்றிதழ் குழுவால் ஒரு படத்தை வகைப்படுத்த இயலும். அதனை மதிப்பிடும் பணி பார்ப்பவருக்கு உரியது.

கற்பவை கற்றபின்

1. அண்மையில் கண்ட மூன்று திரைப்படங்களின் சான்றிதழ்களைக் குறித்துக்கொண்டு, அவை அவ்வகைக்குப் பொருந்துகின்றனவா என்பதைக் காரணங்களுடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. ‘குழந்தையை அழைத்துச் செல்லும் முடிவைப் பெற்றோரிடம் விடலாமா? சட்டமே முடிவு செய்ய வேண்டுமா?’ – இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. பாடப்பகுதியில் பயின்ற புறநானூற்றுப் பாடல் ஒன்றைக் காட்சியாக்க நேர்ந்தால், அதற்கு எவ்வகைச் சான்று வழங்கலாம் என்பதை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.